வாலைப் பார்த்துக் கதவைத் திற

காலை பத்தரை மணிக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தால், எடுக்காமலேயே சொல்லிவிடுவேன்: கணக்குப் பிரிவுப் பெரியவர்தான்.

"தம்பி, ஆடிட்டருக்கு ஒரு எக்செல் அனுப்பினேன். போன வேகத்துல திரும்பி வந்துடுச்சு. கூடவே இங்கிலீஷ்ல என்னமோ திட்டுது."

"உள்ள மேக்ரோ இருக்கா சார்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்கம் டாக்ஸ்காரன் குடுத்த ஃபைல். கவர்மென்ட்டே குடுத்ததை நிறுத்துறதுக்கு நீ யாருப்பா?"

நியாயமான கேள்வி. நான் அலுவலக மெயில் சர்வரின் வாசல் காவல்காரன். கையில் லத்தி கிடையாது, ஒரு பட்டியல் மட்டும் உண்டு. இ.எக்ஸ்.இ., வி.பி.எஸ்., பி.ஐ.எஃப்., எஸ்.சி.ஆர்., சி.ஓ.எம். என்று பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்றெழுத்து வாலும் முளைத்த கோப்புகளின் பட்டியல். இந்த வாலில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் கடிதம் உள்ளே வராது, வெளியேயும் போகாது.

நான் பொழுதுபோகாமல் யாரை வம்புக்கு இழுக்கலாம் என்று உட்கார்ந்து எழுதிய பட்டியல் என்று பெரியவர் நினைக்கிறார். தருமபுரி, செங்கம் பக்கம் போனால் வயலோரம் நடுகற்கள் நிற்கும். ஆநிரை மீட்கப் போன இன்னார் இந்த இடத்தில் விழுந்தார் என்று சொல்லும் கற்கள். என் பட்டியலும் அந்த ஜாதிதான். ஒரு வரிக்கு ஒரு கல். அங்கே விழுந்தவர்கள் மாடு மீட்கப் போனவர்கள். இங்கே விழுந்தவர்கள் டபுள் கிளிக் செய்தவர்கள்.

அந்தக் கற்களின் கதையைப் பெரியவருக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆதியில் மின்னஞ்சல் பரம சாது. 1971-இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் பெயருக்கும் கணினிக்கும் நடுவில் அந்தச் சுருட்டை 'அட்' குறியை வைத்து முதல் கடிதத்தை அனுப்பியபோது அதில் எழுத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. 1982-இல் எஸ்.எம்.டி.பி. என்று கடிதப் போக்குவரத்துக்கு விதி எழுதினார்கள். அதிலும் ஏழு பிட் எழுத்து மட்டும், ஒரு வரி 1000 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஏழு பிட் என்றால் ஆங்கில எழுத்துகளை வைத்த பிறகு மிச்ச இடம் ஆணியடிக்கக்கூடக் காணாது. தமிழுக்கே திண்ணையில் இடம் தராத வீட்டில் வைரஸ் எங்கே வந்து படுக்கும்?

ஆனாலும் மனிதனுக்குக் கடிதத்தோடு எதையாவது சேர்த்து அனுப்பாவிட்டால் கை அரிக்கும். 1980-லேயே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் யூயூஎன்கோட் என்று ஒன்றை எழுதிவிட்டார். எந்தக் கோப்பையும் அரைத்து வெறும் எழுத்தாக்கிக் கடிதத்துக்குள் கொட்டிவிடும். வாங்கியவர் அந்த மாவை மறுபடி அரிசியாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கட்டளையைத் தட்ட வேண்டும். கடிதத்தில் வந்ததைத் திறப்பதற்கு இவ்வளவு வேலை செய்யச் சோம்பல் பட்டே பாதிப்பேர் தப்பித்தார்கள். உலகின் முதல் ஃபயர்வால் சோம்பேறித்தனம்.

அந்த ஃபயர்வாலை முதலில் உடைத்தது ஒரு கிறிஸ்துமஸ் மரம்.

1987 டிசம்பர். மேற்கு ஜெர்மனியின் கிளவ்ஸ்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நண்பர்களுக்கு வாழ்த்து அனுப்பலாம் என்று ஐ.பி.எம். பெருங்கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதினார். அதை இயக்கினால் திரையில் எழுத்துகளாலேயே ஒரு மரம் வரையும். வரைந்து முடித்ததும், உங்கள் முகவரிப் புத்தகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தன்னையே ஒரு படி எடுத்து அனுப்பிவிட்டு நல்ல பிள்ளையாக நின்றுகொள்ளும். அந்தக் கணினிகளில் கோப்பின் பெயர் எட்டெழுத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே 'கிறிஸ்மஸ்' என்ற பெயரில் கடைசி 'ஸ்' கழன்று 'கிறிஸ்ம' என்று நின்றது. வாலறுந்த நிலையிலேயே ஊரைக் கலக்கியது என்றால் வாலோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காதீர்கள். அடுத்த இருபது வருஷக் கதை முழுக்க அதுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த நிரலைப் படித்துப் பார்த்தாலே அது செய்யப்போகும் அக்கிரமம் தெரிந்துவிடும். அதனால் உள்ளேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: இதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பதில் சுவாரசியம் கிடையாது, பேசாமல் பெயரைத் தட்டுங்கள் என்ற பொருளில். தட்டினார்கள். பல்கலைக்கழகத்து வலையிலிருந்து ஐரோப்பிய வலைக்கும், அங்கிருந்து அமெரிக்காவின் பிட்நெட்டுக்கும், கடைசியில் ஐ.பி.எம்.மின் சொந்த உள்வலைக்கும் மரங்கள் முளைத்தன. உலகத்துக்கே கணினி விற்ற நிறுவனம் தன் வீட்டு வாசலில் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தது.

இதைப் பார்த்தாவது மனித குலம் இணைப்புகளைக் கஷ்டமாக்கியிருக்க வேண்டும். சுலபமாக்கியது.

1992 மார்ச் 11. பெல்கோர் நிறுவனத்தில் நதானியல் போரன்ஸ்டைன், இன்று நாம் அட்டாச்மென்ட் என்று சொல்லும் பொருளின் மூலவடிவத்தை ஊருக்கு அனுப்பினார். அவரும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து வடித்த மைம் என்ற முறை. அந்த முதல் இணைப்பில் என்ன இருந்தது? நாலு பேர் நின்று பாடும் ஒரு பாட்டுக் குழுவின் படமும் அவர்கள் பாடிய பாட்டும். 'டெலிஃபோன் கார்ட்ஸ்' என்று குழுவுக்குப் பெயர். பாடிய நாலு பேரில் போரன்ஸ்டைனும் ஒருவர். எதற்கு ஐயா கடிதத்தில் படமெல்லாம் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் இன்னும் பிரசித்தம்: எனக்கு ஒருநாள் பேரக் குழந்தைகள் பிறக்கும், அவர்கள் படம் மின்னஞ்சலில் வர வேண்டும். 

தங்கமான மனிதர். பேரன் வரட்டும் என்றுதான் கதவைத் திறந்து வைத்தார். பேரன் வந்தான், பின்னாலேயே யார் யாரோ வந்தார்கள்.

கதவு திறந்ததோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். மைக்ரோசாஃப்ட் இரண்டு உபகாரங்கள் செய்தது. ஒன்று, வேர்ட் ஆவணத்துக்குள் மேக்ரோ என்ற பெயரில் நிரலையும் மடித்து வைக்கலாம் என்ற வசதி புழக்கத்துக்கு வந்தது. அதாவது கடிதாசியே எழுந்து வேலை செய்யும். 1995-இல் 'கான்செப்ட்' என்ற மேக்ரோ வைரஸ் பிறந்தது. மைக்ரோசாஃப்டே தவறுதலாக அதைத் தன் சி.டி. ஒன்றில் வைத்து விநியோகித்தது. மருந்துக் கடைக்காரர் கையாலேயே காய்ச்சலை வாங்கிக்கொண்டு போன கதை.

இரண்டாவது உபகாரம் இன்னும் பெரிசு. விண்டோஸ் 95 கோப்புகளின் வாலை மறைத்தது. அந்த மூன்றெழுத்து சாமானியர்களைக் குழப்புகிறதாம். ஆகவே கணினிக்குத் தெரிந்த வால் எதுவோ அதைத் திரையில் காட்டாது. பாம்பா மீனா என்று வாலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த ஊரில், வால் இருந்தால் குழப்பம் வருகிறது என்று எல்லா வாலையும் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

1999 மார்ச் 26, வெள்ளிக்கிழமை. மெலிஸா வந்தாள்.

நியூஜெர்சியைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் ஒரு வேர்ட் ஆவணத்தைப் பொதுவில் போட்டார். உள்ளே காசு கட்டிப் பார்க்க வேண்டிய ஆபாசத் தளங்களின் கடவுச்சொற்கள். இலவசம் என்றால் பினாயிலையும் குடிக்கிறவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. திறந்தார்கள். திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்கு அந்த ஆவணம் தானாகப் போனது. கூடவே ஒரு வரி: நீங்கள் கேட்ட ஆவணம் இது, வேறு யாருக்கும் காட்டாதீர்கள். அலுவலக வாழ்க்கையில் 'வேறு யாருக்கும் காட்டாதே' என்று வந்த காகிதத்தைப் பார்க்காமல் மூடி வைத்த ஆள் இதுவரை பிறக்கவில்லை.

மெலிஸா என்பது ஃபுளோரிடாவில் ஆடைகளைந்து ஆடிய ஒரு பெண்ணின் பெயர் என்கிறார்கள். இதனால் நேர்ந்த சேதம் 8 கோடி டாலருக்கு மேல் என்று கணக்குப் போட்டார்கள். ஸ்மித்துக்கு 20 மாதச் சிறையும் 5000 டாலர் அபராதமும் கிடைத்தன. என் பட்டியலில் 'மேக்ரோ உள்ள ஆவணம்' என்று ஒரு வரி இருக்கிறதே, பெரியவரின் ஆடிட்டர் எக்செல் தலையில் இடித்துக்கொள்கிற வரி, அது மெலிஸாவின் கல்.

இப்போது பெரிய கல்லுக்கு வருவோம். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

2000 மே 4, வியாழக்கிழமை. பிலிப்பைன்ஸ், மணிலா. ஓனல் டி குஸ்மான் அங்கே ஒரு கணினிக் கல்லூரி மாணவர். அந்தக் காலத்தில் இணையத்துக்குப் போவது நிமிஷக் கணக்கில் காசு கரைகிற சமாசாரம். அடுத்தவர் கடவுச்சொல்லைத் திருடினால் ஓசியில் போகலாமே என்று நினைத்தார். இதில் அவரை மற்ற திருடர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது ஒன்றுதான்: இதையே கல்லூரி ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எழுதிக் கொடுத்தார். கல்லூரி நிராகரித்தது. நாங்கள் இங்கே கொள்ளைக்காரர்களை உற்பத்தி செய்வதில்லை என்ற தோரணையில் வாத்தியார் ஓரத்தில் குறிப்பெழுதினார். நிராகரிக்கப்பட்ட ஆய்வேடுகளை அலமாரியில் பூட்டி வைப்பது மற்றவர்கள் வழக்கம். இவர் மெயிலில் போட்டார்.

அன்று காலை ஒரு குமாஸ்தாவின் திரையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பொருள் என்ற இடத்தில் 'ஐ லவ் யூ' என்று எல்லா எழுத்தும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அனுப்பியவர் பெயரைப் பார்த்தால் கொள்முதல் பிரிவு மேலாளர். பதினைந்து வருஷமாக 'உம்' கொட்டுவதைத் தவிர வேறு வார்த்தை பேசாத மனிதர். உள்ளே ஒரே வாக்கியம். தமிழில் சொன்னால், 'என்னிடமிருந்து வரும் இணைப்பிலுள்ள காதல் கடிதத்தைத் தயைகூர்ந்து சரிபார்க்கவும்.' காதல் வரலாற்றிலேயே சரக்கு ரசீதின் நடையில் எழுதப்பட்ட முதல் கடிதம். அந்த நடைதான் ஜெயித்தது. கவிதையாக எழுதியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். 'தயைகூர்ந்து சரிபார்க்கவும்' என்றால் அலுவலகக் கை தானாக எலியின் மேல் போய் உட்காரும்.

கீழே கோப்பு. 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டி.எக்ஸ்.டி.' என்று பெயர். டி.எக்ஸ்.டி. என்றால் வெறும் எழுத்து, வெள்ளந்தி, கடிக்காது. உண்மையில் அந்தப் பெயருக்குப் பின்னால் இன்னொரு புள்ளியும் வி.பி.எஸ். என்ற அசல் வாலும் இருந்தன. அதைத்தான் விண்டோஸ் துணி போட்டு மூடியாயிற்றே. போதாததற்கு அந்த வகைக் கோப்புக்கு விண்டோஸ் கொடுத்திருந்த சின்னம், சுருட்டி வைத்த ஓலை போல இருக்கும். காதல் கடிதம், ஓலை வடிவில், மேலாளரிடமிருந்து. ரிஷி மூலம் கேட்கிறவனே கூட டபுள் கிளிக் செய்துவிட்டுத்தான் கேட்பான்.

மெலிஸா 50 பேரோடு நிறுத்திக்கொண்டாள். இது முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் காதலைச் சொன்னது. போகிற போக்கில் வட்டில் இருந்த படக் கோப்புகளின் மேல் தன்னை எழுதி அழித்தது; எம்.பி.3 பாட்டுகளை அழிக்காமல் ஒளித்து வைத்தது. பாட்டின் மேல் மட்டும் ஏனோ கருணை. நிரலின் தலைப்பில் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை என்று தப்பு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. வாக்குமூலத்தைக் குற்றத்தோடு சேர்த்தே அனுப்பிய ஆள்.

காதல் சூரியனோடு சேர்ந்து மேற்கே நகர்ந்தது. ஹாங்காங் அலுவலகம் திறந்தது, விழுந்தது. ஐரோப்பா காபியோடு உட்கார்ந்தது, விழுந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்கள் சபை தன் மின்னஞ்சலை மூடியது. அமெரிக்கா கண் விழிப்பதற்குள் உலகமே கதறிக்கொண்டிருந்தது. ஆனாலும் பென்டகனும் சி.ஐ.ஏ.வும் கடிதத்தைத் திறக்கத் தவறவில்லை. உலகத்தின் ரகசியங்களையெல்லாம் ஒட்டுக்கேட்கிற நிறுவனங்களுக்கு, யாரோ தங்களைக் காதலிக்கிறார்கள் என்ற செய்தி மட்டும் புதிதாக இருந்திருக்க வேண்டும். 

மணிலாவில் நம்ம ஆள், சிங்கப்பூரில் இருந்த ஒருவருக்கு முதல் கடிதத்தை அனுப்பிவிட்டு நண்பரோடு குடிக்கப் போய்விட்டாராம். ஊரே யாரையோ தேடுகிறது என்று கேள்விப்பட்ட அம்மா மகனின் கணினியை எடுத்து ஒளித்து வைத்தார். உலகப் பொருளாதாரம் எப்படிப் போனால் என்ன, அம்மாக்கள் எல்லா ஊரிலும் அம்மாக்கள்தான். போலீஸ் பிடித்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிலிப்பைன்சில் இதற்குச் சட்டமே கிடையாது. ஜூனில் அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மே மாதக் குற்றத்துக்கு ஜூன் மாதச் சட்டம் செல்லாது. ஆகஸ்டில் வழக்கைக் கைவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் தேடிக்கொண்டு போனபோது அவர் மணிலாவில் ஒரு சின்னக் கடையில் செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ஆமாம், நான்தான் என்றார்.

என் பட்டியலில் வி.பி.எஸ். என்ற வரி அவர் நட்ட கல்.

காதல் கடிதம் வந்த அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்குக்கு ஒரு பூட்டு அனுப்பியது. இ.எக்ஸ்.இ., வி.பி.எஸ். போன்ற வால் உள்ள எதையும் திறக்கவிடாது. எச்சரிக்கை கிடையாது, 'நிச்சயமாகவா?' என்ற கேள்வி கிடையாது, கோப்பே கண்ணில் படாது. அதுவரை 'எங்களைக் காப்பாற்றுங்கள்' என்று கத்திய ஜனங்கள், 'எங்கள் ஃபைலைக் கொடுங்கள்' என்று கத்த ஆரம்பித்தார்கள். என்னைப் போன்ற காவல்காரர்களின் உத்தியோகம் அந்த நாளில்தான் களைகட்டியது. சர்வரிலேயே விதி எழுதி வாசலிலேயே நிறுத்துவது.

விதி என்றால் சட்டப் புத்தகம் அல்ல, ஒற்றை வரி. கோப்பின் பெயர் இப்படி முடிந்தால் திருப்பி அனுப்பு, அவ்வளவுதான். அந்த ஒற்றை வரியில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். 'காம்' என்பது பழைய டாஸ் காலத்து நிரல்களின் வால். அதைத் தடுக்கப் புள்ளி போட்டு சி.ஓ.எம். என்று எழுதினேன். விதி எழுதும் மொழியில் புள்ளி என்றால் புள்ளி இல்லை. 'ஏதோ ஒரு எழுத்து' என்று அர்த்தம். நிஜப் புள்ளி வேண்டுமானால் முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டும். பெயரின் கடைசியில் வந்தால் மட்டும் பிடி என்று சொல்ல ஒரு டாலர் குறி போட வேண்டும். இரண்டையும் மறந்தேன். விளைவு: பெயரில் எங்காவது ஒரு எழுத்தும் அதைத் தொடர்ந்து 'காம்' என்ற மூன்றெழுத்தும் வந்தால் கோப்பு அவுட். ஆங்கிலத்தில் 'இன்கம்' என்று எழுதிப் பாருங்கள். அன்று எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு இன்கம் டாக்ஸ் ஃபைல்கூட வெளியே போகவில்லை. ஜூலை மாதம். பெரியவருக்கும் எனக்கும் அறிமுகம் ஏற்பட்டது அப்படித்தான்.

ஆனால் அந்த 'காம்' வரியை எடுக்கவும் முடியாது. 2002 ஜனவரியில் ஒரு புழு வந்தது. விருந்தில் எடுத்த புதுப் படங்கள் இருக்கின்றன, பாருங்கள் என்று கடிதம். கூடவே 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ.மைபார்ட்டி.யாஹூ.காம்'. எல்லோரும் இணைய முகவரி என்று நினைத்து அமுக்கினார்கள். அது முகவரியே அல்ல. காம் என்ற வால் முளைத்த நிரல். இணையமும் டாஸும் ஒரே மூன்றெழுத்தை வைத்துக்கொண்டிருப்பதை இத்தனை வருஷம் யாரும் கவனிக்கவில்லை, ஒரு திருடனைத் தவிர.

அதற்கு முந்தைய வருஷம் பிப்ரவரியில் டென்னிஸ் வீராங்கனை அன்னா கோர்னிகோவாவின் படம் வந்தது. ஜே.பி.ஜி. என்று முன் வால், வி.பி.எஸ். என்று பின் வால். மே மாதம் காதலில் அடிபட்ட அதே உலகம் ஒன்பது மாதம் கழித்து அழகில் அடிபட்டது; பிரசவ வைராக்கியம் அத்தனை மாதம் தாங்கியதே ஆச்சரியம். செய்தவர் நெதர்லாந்தின் 20 வயது இளைஞர். நிரல் எழுதவும் தெரியாது. அர்ஜென்டினாவில் ஒருவர் புழு தயாரிக்கும் கருவி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். இவர் அதில் பெயரைப் போட்டு எடுத்துக்கொண்டார், மாவு மில்லில் போட்டு வாங்குகிற மாதிரி. தண்டனை 150 மணி நேரச் சமூக சேவை. அந்த ஊர் மேயர் பையனுக்கு வேலை கொடுக்கலாமா என்றுகூட யோசித்தார்.

2003, 2004-இல் சோபிக், மைடூம் என்று பி.ஐ.எஃப்., எஸ்.சி.ஆர்., ஜிப் வால்களோடு பட்டாளமே வந்தது. இவை அனுப்புநர் பெயரைப் பொய்யாகப் போட்டுக்கொண்டு வரும். எங்கள் காவல் நிரல்களுக்கு அப்போது ஒரு நல்ல குணம் இருந்தது: வைரஸ் பிடிபட்டால் அனுப்பியவருக்கு, 'ஐயா, உங்கள் கடிதத்தில் வைரஸ் உள்ளது' என்று பணிவாகப் பதில் போடும். அனுப்பியவர் பெயரே பொய். ஆக, ஒரு பாவமும் அறியாத லட்சக்கணக்கானவர்களுக்கு நீதான் திருடன் என்று ஓலை போனது. புழு அனுப்பிய கடிதம் பாதி, நாங்கள் அனுப்பிய மன்னிப்பில்லாத குற்றப்பத்திரிகை பாதி. ஊரில் திருடனைவிடக் காவல்காரன் போட்ட சத்தம் அதிகம்.

நமக்கு உள்ளேயும் ஒரு படை இருந்தது: ஊழியர்கள். அவர்கள் கண்டுபிடித்த ஆயுதத்தின் பெயர் மறுபெயரிடல். இ.எக்ஸ்.இ.யை டி.எக்ஸ்.டி. ஆக்கி அனுப்பிவிட்டு, கடிதத்தில் 'வாலை வெட்டியிருக்கேன், வந்ததும் ஒட்டிக்கோ' என்று எழுதுவார்கள். சரி, பெயரை நம்பினால்தானே வம்பு, உள்ளே பார்ப்போம் என்று காவல்காரர்கள் கிளம்பினார்கள். உள்ளே ஒரு மச்சம் இருந்தது. விண்டோஸ் நிரல் கோப்பு எதுவானாலும் முதல் இரண்டு எழுத்து எம், இசட். மைக்ரோசாஃப்டில் டாஸைச் செதுக்கிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல். சிற்பி தூணில் பெயர் பொறித்த மாதிரி ஒவ்வொரு நிரலின் நெற்றியிலும் பொறித்து வைத்திருந்தார். மெயிலில் போகும்போது அது பேஸ்64 என்ற முறையில் மாறி, பெரும்பாலும் டி, வி, க்யூ, க்யூ என்று ஆரம்பிக்கும். அந்த நாலெழுத்தில் ஒரு வரி ஆரம்பித்தால் நிறுத்து என்று விதி எழுதினோம். வால் போனாலும் மச்சம் காட்டிக்கொடுத்தது. சினிமாவில் பிரிந்த சகோதரர்களைச் சேர்த்து வைத்த அதே தொழில்நுட்பம்.

எதிரணி அசரவில்லை. 2004 தொடக்கத்தில் பேகிள் என்ற புழு தன்னை ஜிப்பில் போட்டுக் கடவுச்சொல்லால் பூட்டிக்கொண்டு வந்தது. பூட்டினால் காவல்காரன் உள்ளே பார்க்க முடியாது. திறப்பவனுக்குச் சாவி வேண்டுமே? அதே கடிதத்திலேயே எழுதியிருந்தது. வாங்கியவர்கள் ஜிப்பைத் திறந்து, கடவுச்சொல்லைப் பார்த்துத் தட்டி, உள்ளே இருந்ததை டபுள் கிளிக் செய்தார்கள். உழைத்து வைரஸ் வாங்கினார்கள். காவல் நிரல்கள் கடிதத்தைப் படித்துச் சாவியை எடுக்கக் கற்றுக்கொண்டதும், பேகிள் கடவுச்சொல்லைப் படமாக வரைந்து அனுப்பியது. யூயூஎன்கோட் காலத்துச் சோம்பல் ஃபயர்வால் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

பூட்டிய கோப்பும் சாவியும் ஒரே உறையில் வந்தால் நம்பக் கூடாது என்று அன்று ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை விட்டோம். இன்று என் வங்கி மாதாமாதம் பூட்டிய பி.டி.எஃப். அனுப்புகிறது. கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நாலெழுத்தும் பிறந்த நாளும் என்று அதே கடிதத்தில் கீழே எழுதியிருக்கிறது. பேகிள் எழுதியவன் எங்காவது வங்கியில் நல்ல பதவியில் இருக்கிறானோ என்று சில சமயம் தோன்றும்.

மெலிஸா வந்து 23 வருஷம் கழித்து, 2022-இல், இணையத்திலிருந்து வரும் ஆவணங்களின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்க முடிவு செய்தது. அப்போதும் ஒருமுறை பின்வாங்கி, மறுபடி முன்வந்துதான் செய்தது. உடனே திருடர்கள் ஐ.எஸ்.ஓ. கோப்புக்குப் போனார்கள், அங்கிருந்து ஒன்நோட்டுக்குப் போனார்கள். 2023 அக்டோபரில் வி.பி.ஸ்கிரிப்டுக்கே ஓய்வு என்று அறிவிப்பு வந்தது. காதல் கடிதம் எழுதிய மொழி பென்ஷன் வாங்கப் போகிறது. பட்டியலில் அந்த வரியை இனி எடுத்துவிடலாமே என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். நடுகல்லை எடுத்துத் துணி துவைக்கிற கல்லாகப் போட்ட ஊர்களைப் பற்றி அவனிடம் கொஞ்சம் பேசினேன். விட்டுவிட்டான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி தொலைபேசி.

"தம்பி, ஆடிட்டர் ஃபைலைப் பத்திக் கவலைப்படாதே. வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். ஒரு நிமிஷத்துல போயிடுச்சு."

என் சர்வர், என் பட்டியல், சாய்கோடு, டாலர் குறி எல்லாம் ஒரு பக்கம் நிற்க, பெரியவர் கொல்லைப்புற வழியாகப் போய் வந்துவிட்டார்.

"சரி சார்."

"அது இருக்கட்டும். போன்ல ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு. யாருன்னு புரியல, புது நம்பர். திறந்தா என்னமோ இன்ஸ்டால் பண்ணவான்னு கேக்குது. யாராவது சொந்தக்காரங்களா இருந்து, போகலைன்னா தப்பாயிடும் பாரு. அமுக்கட்டுமா?"

2024-இல் இந்தியப் போலீசார் எச்சரித்த சமாசாரம். கல்யாணப் பத்திரிகை என்று வரும், உள்ளே ஏ.பி.கே. என்ற வால் உள்ள ஆண்ட்ராய்டு நிரல். அமுக்கினால் போனும் போச்சு, வங்கிக் கணக்கும் போச்சு. 2000-இல் மணிலாவில் காதல் கடிதமாகக் கிளம்பியது, 24 வருஷம் கழித்துக் கல்யாணத்தில் வந்து நிற்கிறது. காதலித்தவர்கள் கைவிடவில்லை. அடுத்து சீமந்தப் பத்திரிகை எந்த வாலோடு வரும் என்று தெரியாது, வரும் என்பது மட்டும் தெரியும்.

"அமுக்கிடாதீங்க சார்! முதல்ல அந்த ஃபைல் பேருக்குக் கடைசியில என்ன வால் இருக்குன்னு பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார் போல.

"வாலெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. பிள்ளையார்தான் இருக்கார்."